முனியாண்டிக்கு ஒரு தகர ஏரோப்ளேன்

கில்வின் தோட்டம், ரந்தாவ்
மலாயா
16-3-1952

தம்பி திருநாவுக்கரசுக்கு அக்கா பஞ்சாலை எழுதுவது.

நலம் என்று தொடங்கக் கை வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் மாமாவைப் பட்டாளத்துக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்றோடு ஐந்து நாள். சிரம்பானில் அடைத்து வைத்திருக்கிறார்களாம்.

அவசரகாலம் என்று சொல்லிப் போன வருஷம் எங்கள் லயங்களையெல்லாம் பிரித்து ஒரே இடத்தில் கட்டி, சுற்றி இரண்டு வரிசை முள்கம்பி போட்டார்கள். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு நாங்கள் சோறு கொடுத்துவிடுவோமாம். காலையில் கேட்டில் ஆளுக்கு ஆள் தடவிப் பார்த்துத்தான் ரப்பர் மரம் சீவ அனுப்புகிறார்கள். ஒரு பிடி அரிசி, ஒரு துண்டு கருவாடு வெளியே போகக் கூடாது.

இனிமேல் சொல்வது உனக்குத் தெரியாது. ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் நீ எழுதிய கடைசிக் கடிதத்தில் ஏரோப்ளேன் ஓட்டச் சேர்ந்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அந்த வாரமே பதினாலாம் நம்பர் வெளியின் கடைசியில், காட்டோரம் நிற்கிறதே முனியாண்டி மரம், அதற்கு வேண்டிக்கொண்டேன். தம்பி ஆகாசத்தில் இருக்கும் காலம்வரை மாசி பௌர்ணமிக்குப் படையல் போடுகிறேன் என்று. எல்லோரும் மண்குதிரை வைப்பார்கள். நீ என்ன குதிரையிலா போகிறாய்? மண்ணெண்ணெய் டின்னை வெட்டி உன் மாமா ஓர் ஏரோப்ளேன் செய்வார். ஆணியால் உன் பெயரைக் கீறி மரத்தில் அடிப்பார். அந்த முனிக்கு எதிரே பெண்கள் போகக் கூடாது. அதனால் என் வேண்டுதலைச் சுமக்கிற வேலை அவருடையதாகிவிட்டது. ஜப்பான் காலத்தில் அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு வைத்தோம். ஒரு வருஷமும் விடவில்லை. மரத்தில் பத்து ஏரோப்ளேன் இருக்கிறது.

இந்த வருஷம் வேண்டாம் என்று அவர் சொன்னார். நான்தான் பிடிவாதம் பிடித்தேன். சோறு, கருவாடு, அவித்த முட்டை, சுருட்டு, தீப்பெட்டி எல்லாவற்றையும் பால் வாளியின் அடியில் வைத்துத் துணி போட்டு மூடிக் கேட்டைத் தாண்டிவிட்டார். இலை போட்டுப் படைத்து, சுருட்டைப் பற்ற வைத்து, வழக்கம்போல் காட்டைப் பார்த்து, "ஐயா, வாங்கய்யா, வந்து சாப்பிடுங்க" என்று மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறார். புதருக்குள் பட்டாளம் படுத்திருந்தது. யாரைக் கூப்பிட்டாய் என்று கேட்டிருக்கிறார்கள். முனியாண்டியை என்றிருக்கிறார். இப்போது முனியாண்டி எந்தக் கூட்டத்துக்குத் தலைவன் என்று கேட்டு அடிக்கிறார்களாம். கேட்டால் சிரிப்பு வருகிற சங்கதிதான். எனக்குத்தான் வரவில்லை.

உன் மாமா ஒன்பது வயதில் துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். இந்தியாவில் பிறந்தவர்களை விசாரித்துக் கப்பலேற்றிவிடுகிறார்கள். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி நல்லசாமிதான் வழி சொன்னார். தகரத்தில் உள்ள பெயர் என்னுடையது, பஞ்சாலை என் அக்கா, இது எனக்காகச் செய்த வேண்டுதல் என்று நீ ஒரு கடிதம் விசாரணைக் குழுவுக்கு எழுதினால் போதுமாம். யுத்தத்தில் பதக்கம் வாங்கிய ஆபீசர் எழுதினால் வெள்ளைக்காரன் நம்புவான். விலாசம் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். உடனே எழுது.

அக்கா
பஞ்சாலை


அம்பாலா
30-3-1952

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மெஸ் சிப்பந்தி எல்லோருக்கும் முன்னால் கொண்டுவந்து கொடுத்தான். யார் எழுதியது என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். தெரிந்தவர்கள் என்று சொல்லி வைத்தேன். மெஸ் விலாசத்துக்கு எழுதாதே, தபால் பெட்டி எண்ணுக்கு எழுது என்று முன்பே சொல்லியிருக்கிறேன்.

மாமாவை நினைத்து வருந்துகிறேன். நான் அவரைப் பார்த்ததே இல்லை. நீ அனுப்பிய கல்யாண போட்டோ மட்டும் என்னிடம் இருக்கிறது. இப்படி ஒரு வேண்டுதல் இருப்பதை நீ எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யுத்தம் முடிந்ததுமே நிறுத்தச் சொல்லியிருப்பேன். யுத்தம் முடிந்து ஏழு வருஷமாகிறது.

உன்னிடம் நான் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. பதினாலு வயதில் பழைய கிராணி ராமகிருஷ்ணன் என்னை மெட்ராஸுக்குப் படிக்கக் கூட்டிவந்தபோது பள்ளிக்கூடத்தில் தன் மகன் என்றுதான் சேர்த்தார். பிள்ளையில்லாத மனுஷர். கூலிக்காரன் மகன் என்றால் விடுதியில் ஒதுக்குவார்கள் என்று நினைத்தார். சான்றிதழ் முழுக்க அப்படியே வந்துவிட்டது. 1941-ல் விமானப்படையில் சேரும்போது ஒரு பாரம் கொடுத்தார்கள். தகப்பனார் என்ற இடத்தில் ராமகிருஷ்ணன், தோட்ட அதிகாரி என்று எழுதினேன். உடன்பிறந்தவர்கள் என்ற இடத்தில் யாரும் இல்லை என்று எழுதினேன். இருபது வயது எனக்கு. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம்.

இப்போது நான் விங் கமாண்டர். மே மாதம் குரூப் கேப்டன் பதவிக்குத் தேர்வு இருக்கிறது. பொய்ப் பாரம் கொடுத்தவன், கம்யூனிஸ்டுகளுக்கு உதவியதாகப் பிடிபட்டவனின் மைத்துனன் என்று இரண்டையும் ஒரே தாளில் நானே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறாய். பதவி உயர்வு போவது மட்டுமல்ல, உடுப்பையே கழற்றச் சொல்வார்கள்.

சிரம்பானில் ஒரு நல்ல வக்கீலைப் பார். தோட்டத்துத் துரையிடம் சொல்லச் சொல். வேண்டுதல் என்பது ஊரறிந்த வழக்கம்தானே, அதை நான் சொல்லித்தானா தெரிய வேண்டும்? நான் முடியாது என்று சொல்லவில்லை. கொஞ்சம் பொறு என்கிறேன்.

இங்கே தமிழ் பேச ஆளில்லை. உனக்கு எழுதும்போதுதான் எனக்கே என் பாஷை ஞாபகம் வருகிறது.

இரா. திருநாவுக்கரசு


கில்வின் தோட்டம்
19-4-1952

தம்பிக்கு,

உன் பெயருக்கு முன்னால் இரா. என்று போடுவதைப் பத்து வருஷமாகப் பார்க்கிறேன். ஏதோ பட்டாளத்துப் பட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதுதான் தெரிகிறது. அப்பா மாயாண்டிக்கு உன் காகிதத்தில் இடமில்லை, எனக்கும் இல்லை. பரவாயில்லை. எங்கள் தோட்டத்து ஆள்கணக்குச் செக்ரோலில் அவர் பெயர் இருக்கிறது, அது போதும்.

யுத்தம் முடிந்துவிட்டது என்று உனக்கு யார் சொன்னது? எங்கள் தலைக்கு மேலே வாரம் இரண்டு தரம் ஏரோப்ளேன் போகிறது. கோலா சாவா பக்கத்துக் காட்டில் குண்டு போட்டால் இங்கே அலமாரியில் தட்டு ஆடுகிறது. சரணடைந்துவிடு என்று காகிதம் போடுகிறார்கள். அதை உன் மருமகன் ராஜமாணிக்கம் பொறுக்கி மடித்துப் பறக்க விடுகிறான். எந்த ஏரோப்ளேன் போனாலும் அவனும் என் மகள் ராக்கம்மாவும் வாசலுக்கு ஓடி, "மாமா போறாரு, மாமா போறாரு" என்று கத்துகிறார்கள். இனிமேல் கத்த வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

போன வாரம் விசாரணைக் குழு என்னைக் கூப்பிட்டது. மேஜை மேலே பத்து ஏரோப்ளேனையும் வரிசையாக வைத்திருந்தார்கள். பதினோராவது உன் மாமா கையில் இருந்தது, அதையும் வைத்திருந்தார்கள். வெள்ளைக்கார ஆபீசர் பேசப் பேச நல்லசாமி எனக்குச் சொன்னார்.

"பஞ்சால, தொர கேக்குறாரு. பதினோரு ஏரோப்ளேன சுட்டு வீழ்த்துன கணக்கா இதுன்னு."

"ஐயோ, அது என் தம்பிக்கு வேண்டிக்கிட்டதுங்க. அவன் ஏரோப்ளேன் ஓட்டுறான்."

நல்லசாமி சொன்னதைக் கேட்டு அந்த ஆபீசர் சிரித்தார். கெட்ட மனுஷராகத் தெரியவில்லை, நிஜமாகவே சிரிப்பு வந்துதான் சிரித்தார்.

"பால் மரம் சீவுற பொம்பளைக்கி பைலட் தம்பியான்னு கேக்குறாரு லா. பேப்பர் ஏதாச்சும் இருந்தா காட்டு."

உன் கடிதத்தைத் தவிர என்னிடம் என்ன பேப்பர் இருக்கிறது? அதைக் காட்டினால் நீ எழுதியிருப்பதையும் படித்துவிடுவார்களே. மடியில் வைத்துக்கொண்டே வந்துவிட்டேன். ஜூன் பதினைந்து வரை தவணை கொடுத்திருக்கிறார்கள்.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நீ ஆகாசத்துக்குப் போனாய் என்று தெரிந்ததும் உனக்கு மட்டும்தான் வேண்டிக்கொண்டேன். அப்பாவுக்கு வேண்டிக்கொள்ளத் தோன்றவே இல்லை. தரையில் நடக்கிற மனுஷனுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். சயாமில் ரயில் போட ஜப்பான்காரன் அவரைக் கூட்டிப் போனான், திரும்பவில்லை. நீ திரும்பிவிட்டாய். அப்புறம் அந்த வேண்டுதலை எப்படி விடுவேன், சொல். யுத்தம் முடிந்ததென்று முனிக்கு யார் போய்ச் சொல்வது? நீ இன்னும் பறந்துகொண்டுதானே இருக்கிறாய்.

ஜூன் பதினைந்து. மறக்காதே.

பஞ்சாலை


அம்பாலா
2-6-1952

அக்கா,

குரூப் கேப்டன் பதவி கிடைத்துவிட்டது. தாம்பரத்துக்கு மாற்றல். மெட்ராஸ் பக்கத்தில் இருக்கிறது, தமிழ் காதில் விழும்.

நீ கேட்ட கடிதத்தை எழுதிவிட்டேன். ஐந்து முறை எழுதி, கடைசியில் ஒன்று சரியாக வந்திருக்கிறது. மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். பதவி உத்தரவு அரசிதழில் வர இன்னும் இரண்டு வாரம் ஆகும். வந்த மறுநாள் தபாலில் சேர்த்துவிடுவேன். தவணையை இரண்டு வாரம் நீட்டச் சொல். நல்லசாமியால் முடியும்.

கோபத்தில் இருப்பாய். ஒரு சம்பவம் சொல்கிறேன். 1944-ல் அரக்கான் மலைக்கு மேலே என் விமானத்தில் குண்டு பட்டது. கண்ணாடி முழுக்க எண்ணெய், முன்னால் ஒன்றும் தெரியவில்லை. ரேடியோவும் செத்துவிட்டது. நாற்பது நிமிஷம் பக்கக் கண்ணாடி வழியாக ஓர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்து ஒரு வயலில் இறக்கினேன். அதற்குத்தான் பதக்கம் கொடுத்தார்கள். என் கை சாமர்த்தியம் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அந்த வருஷம் நீங்கள் கிழங்கு வைத்துப் படைத்திருப்பீர்கள் என்று இப்போது தெரிகிறது. அதற்கு மேல் யோசிக்கப் பயமாக இருக்கிறது.

அந்த நாற்பது நிமிஷத்தில் யாரிடமாவது ஒரு வார்த்தை பேச வேண்டும் போல இருந்தது. இப்போதும் பல நாள் அப்படித்தான் இருக்கிறது.

இரண்டு வாரம்.

இரா. திருநாவுக்கரசு


கில்வின் தோட்டம்
30-6-1952

தம்பிக்கு,

நேற்று உன் மாமாவைக் கப்பலேற்றிவிட்டார்கள். மெட்ராஸ் கப்பல். எட்டாம் தேதி வாக்கில் போய்ச் சேரும் என்று ரந்தாவில் கடை வைத்திருக்கும் ஹாஜா மைதீன் ராவுத்தர் விசாரித்துச் சொன்னார். நீ கேட்ட இரண்டு வாரத்தை நல்லசாமி கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக் கொடுத்தார். அந்த இரண்டு வாரமும் போனது. கடிதம் வரவில்லை.

லாரியில் ஏற்றுவதற்கு முன் சிரம்பான் முகாம் கேட்டில் பத்து நிமிஷம் பார்க்க விட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நானும் பிள்ளைகளும். இளைத்துவிட்டார். இரண்டு விரல் நகம் இல்லை. என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "அந்தப் படையல் முடியல பஞ்சால, பாதியிலயே பிடிச்சிட்டானுங்க. சாமி கோவிச்சுக்குமா?" என்று கேட்டார். அவருக்கு அதுதான் கவலை.

உன்னைப் பற்றிச் சொன்னேன். பாரத்தில் நீ எழுதியதையும் சொன்னேன். "சின்ன வயசுல பயந்துட்டாரு போல" என்றார். அங்கே போய் யாரிடமும் உன் பெயரைச் சொல்லக் கூடாது என்று ராக்கம்மா தலைமேல் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டேன். நான் கெடுத்தது ஒரு மனுஷனோடு போகட்டும். காகிதத்தில் இல்லாத அக்காவுக்குப் புருஷன் மட்டும் எங்கிருந்து வருவான்?

நீ துறைமுகத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. போனால் போ. அது உன் இஷ்டம்.

பஞ்சாலை


தாம்பரம்
10-7-1952

அக்கா,

போனேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், பிறகு நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

உடுப்பைப் பார்த்தால் துறைமுகத்துக்குள் விடுவார்கள் என்று உடுப்போடு போனேன். விட்டார்கள். கொட்டகையில் அறுபது எழுபது பேரை வரிசையாக நிறுத்தி ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு நாற்காலி போடச் சொன்னார். நான் நின்றேன்.

கல்யாண போட்டோவில் இருக்கிற ஆள் யாரும் அந்த வரிசையில் இல்லை. கழுத்தெலும்பு தெரியும் ஒரு மனிதர் முன்னால் வந்து, "சன்னாசிங்க" என்று சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கையில் ஒரு துணி மூட்டை. நகமில்லாத விரலைப் பார்த்தேன்.

"இந்தியாவுல சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். முதலில் உடுப்பைப் பார்த்தார், பிறகு என் முகத்தை. நம் இரண்டு பேருக்குமே அப்பாவின் முகம்தானே அக்கா. அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்குச் சந்தேகமே இல்லை. கொஞ்சமும் தயங்காமல், "யாரும் இல்லீங்க" என்றார்.

இன்ஸ்பெக்டர் அதை எழுதினார். நான் 1941-ல் எழுதிய அதே வார்த்தை. எழுதிவிட்டு, நான் அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்து என்னிடம் கேட்டார். "சார் இவங்கள்ள யாரையாச்சும் தேடி வந்தீங்களா?"

இல்லை என்றேன். வேறு வேலையாக வந்தேன் என்றேன்.

மாமா என்னைக் கடந்துதான் வெளியே போக வேண்டும். எந்த ஆபீசருக்கும் போடுகிற மாதிரி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். ஐந்து நிமிஷம் கழித்து வெளியே ஓடினேன். ரிக்‌ஷாக்காரர்களை விசாரித்தேன். எழும்பூர் ஸ்டேஷனுக்கும் சத்திரங்களுக்கும் ஆள் அனுப்பினேன். கிடைக்கவில்லை.

அந்தக் கடிதம் இங்கேயும் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது. இனி அதை அனுப்பி என்ன பயன் என்று ஒரு மனம் சொல்கிறது. அது எப்போதும் இப்படித்தான் எனக்குச் சாதகமாகவே பேசும்.

எழுது அக்கா. திட்டியாவது எழுது.

தம்பி


டில்லி
2-9-1957

அக்கா,

ஐந்து வருஷத்தில் இது ஏழாவது கடிதம். பதில் வராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

மலாயா சுதந்திரம் பெற்ற செய்தியை ரேடியோவில் கேட்டேன். விமானப்படையிலிருந்து சிலரை நல்லெண்ணப் பயணமாக அங்கே அனுப்பப் போகிறார்கள். பட்டியலில் என் பெயரும் இருந்தது. கோலாலம்பூரிலிருந்து ரந்தாவ் எத்தனை மைல் என்று வரைபடத்தில் அளந்து பார்த்தேன். பிறகு உடல்நிலை சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

போன மாதம் திருச்சியிலிருந்து காரில் மாமாவின் துறையூர் வழியாகப் போக நேர்ந்தது. டிரைவர் டீ குடிக்க நிறுத்தவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

நான் இப்போது ஏர் கமடோர். பெரிய வீடு கொடுத்திருக்கிறார்கள். கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லிப் பலர் கேட்டார்கள். பெண் வீட்டார் உங்கள் சொந்தக்காரர்கள் யார் என்று கேட்பார்களே, அதற்குப் பயந்து தட்டிக்கழித்தேன். இப்போது யாரும் கேட்பதில்லை.

தம்பி


கில்வின் தோட்டம், ரந்தாவ்
14-8-1960

தம்பிக்கு,

எட்டு வருஷம் உனக்கு எழுதவில்லை. கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. ஒரு வேலை முடியாமல் கிடக்கிறது, அதற்காக எழுதுகிறேன்.

அவசரகாலம் முடிந்துவிட்டது. போன வாரம் முள்கம்பியை வெட்டிச் சுருட்டி லாரியில் ஏற்றினார்கள். கம்பி போன இடத்தில் எல்லோரும் சும்மா போய் நின்று பார்த்தோம். அவசரகாலம் முடிந்தால் திரும்பி வரக் கூடாதென்ற தடையை எடுத்துவிடுவார்கள், வந்துவிடுவேன் என்று உன் மாமா கடிதத்துக்குக் கடிதம் எழுதுவார். நான் பிள்ளைகளோடு அங்கே வருகிறேன் என்றாலும், "இங்க எனக்கே மாட்டுக் கொட்டகையிலதான் படுக்கை, நீ அங்கேயே இரு" என்று எழுதிவிடுவார். மாசி மாதம் அவர் போய்விட்டார். காய்ச்சல். அவர் ஊர் அய்யனார் கோயில் பூசாரி கடிதம் போட்டார். இன்னும் ஐந்து மாதம் இருந்திருந்தால் வந்திருப்பார்.

அவர் உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றதால் ஒன்றை நான் இதுவரை சொல்லவில்லை. போன வருஷம் வரைக்கும் மாசி பௌர்ணமிக்கு அந்த அய்யனாருக்கு உனக்காகப் படையல் போட்டுக்கொண்டிருந்தார். சாமி மாறினாலும் வேண்டுதல் ஒன்றுதான் என்பார். "தம்பி இன்னும் ஆகாசத்துலதான் இருக்காரு, விட முடியாது" என்று எழுதுவார். துறைமுகத்தில் நடந்ததை நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். அவர் ஒரு வார்த்தை எழுதியதில்லை.

உன் போட்டோவைப் பத்திரிகையில் பார்த்தேன். ஏர் வைஸ் மார்ஷல், தரைப்படை மேஜர் ஜெனரலுக்குச் சமமான பதவி என்று போட்டிருந்தது. இனிமேல் ஆபீஸில் உட்காருகிற உத்தியோகம்தான், பறக்க வேண்டியதில்லை என்று நல்லசாமி படித்துச் சொன்னார். அப்படியென்றால் நீ இறங்கிவிட்டாய். வேண்டுதல் முடிந்தது. கடைசிப் படையல் போட்டு முடித்துவைக்க வேண்டும். என்னால் முடியாது, உன் மாமாவும் இல்லை. நீ அந்த அய்யனாரிடம் போய் முடி.

பச்சரிசி மூன்று படி. கருவாடு, முட்டை, சுருட்டு. மறக்காமல் மூன்று தரம் கூப்பிடு.

பஞ்சாலை


துறையூர் பயணியர் விடுதி
11-9-1960

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்றுப் போய் முடித்துவிட்டு வந்தேன். உடுப்பில்லாமல், வேட்டி கட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். மூன்று படி அரிசியைப் பூசாரி வீட்டு அம்மா பொங்கிக் கொடுத்தார். இலை போட்டுப் படைத்தேன். சுருட்டைப் பற்ற வைத்தேன். மூன்று தரம் கூப்பிட வேண்டும் என்றாயே, முதல் தரம் மெதுவாகத்தான் கூப்பிட்டேன். பூசாரி, "சத்தமா கூப்பிடுங்க, சாமிக்குக் காது கேக்க வேணாமா" என்றார். பிறகு சத்தமாகவே கூப்பிட்டேன்.

முடிந்ததும் அவர் கேட்டார். "சன்னாசிக்கு நீங்க என்ன வேணும்?"

"அவரு சம்சாரத்தோட தம்பி."

"அந்தத் தம்பியா நீங்க?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "வருசா வருசம் உங்களுக்குத்தான் படைச்சாரு. யாருக்குப்பா வேண்டுதல், பேரச் சொல்லு, சாமிகிட்டச் சொல்லணும்னு கேப்பேன். சொல்ல மாட்டாரு. பேரு சொல்றதில்லைன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்னுவாரு."

பின்னால் இருக்கும் புளியமரத்துக்குக் கூட்டிப்போனார். அடியில் ஊர்க்காரர்கள் வைத்த மண்குதிரைகள். மரத்தில் வரிசையாக ஏழு தகர ஏரோப்ளேன். ஏழாவதன் இறக்கை இன்னும் துருப்பிடிக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதிலும் என் பெயர் இல்லை. ஏழிலும் ‘பஞ்சாலை தம்பி’ என்று மட்டும் கீறியிருந்தது. நீ கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று வாங்கிய சத்தியத்தை அவர் அய்யனாரிடம்கூட மீறவில்லை.

தலைமையகத்துக்கு ஒரு கடிதம் அனுப்பிவிட்டுத்தான் இங்கே புறப்பட்டேன். 1941-ல் நான் நிரப்பிய பாரத்தில் இரண்டு விவரம் பொய், தகப்பனார் மாயாண்டி, பால் மரம் சீவியவர், ஓர் அக்கா இருக்கிறார் என்று. புறப்படும்போதே மேலதிகாரி போனில் கூப்பிட்டார். இதற்கெல்லாமா கடிதம் எழுதுவது, குமாஸ்தாவிடம் சொன்னால் திருத்திவிடுவானே என்றார். அவ்வளவுதான் அக்கா. ஒருவேளை அன்றைக்கும் அவ்வளவுதானோ என்று நினைத்தால் ராத்திரி தூக்கம் வருவதில்லை.

எட்டாவது ஏரோப்ளேன் ஒன்று இருக்கிறது. அவர் பாய்க்கு அடியில் கிடந்ததாம், பூசாரி எடுத்து வைத்திருந்தார். வெட்டி மடித்து முடித்திருக்கிறார், பெயர் கீறவில்லை. நானே கீறலாம் என்று ஆணி வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அந்த உரிமை இல்லை. இந்தக் கடிதத்தோடு பார்சலில் அனுப்புகிறேன். பதினாலாம் நம்பர் மரம் இன்னும் நின்றால் ராஜமாணிக்கத்திடம் கொடுத்து அடிக்கச் சொல். அதில் என்ன எழுதலாம் என்று நீ முடிவு செய். ஒன்றும் எழுத வேண்டாம் என்று தோன்றினால் அப்படியே விட்டுவிடு.

மா. திருநாவுக்கரசு